மொய் தெரியாத கால்

பூவாவிடுதிக் கடைத்தெருவில், பஜ்ஜிக் கடைக்கு நாலடி முன்னால் தையல்நாயகியின் இடது கால் நின்றுவிட்டது. வலது கால் அவள் கூடப் பிறந்தது. அது வழக்கம்போல் ஓர் எட்டு முன்னே வைத்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட தையல்நாயகி மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பினாள்.

"அம்மையீர், இம்மாதத்திற்கான பலகாரத் தொகை தீர்ந்துவிட்டது," என்றது இடது கால், தெருவுக்கே கேட்கும்படி.

கடைக்காரர் எண்ணெயில் கிடந்த வாழைக்காயைத் திருப்பிப் போட்டபடி வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். பார்த்துப் பார்த்து அவருக்கும் பழகிவிட்டது. தையல்நாயகி காலை நாலு வசவு வைதுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். வீட்டுப் பக்கம் என்றால் அது குதிரையாக ஓடும்.

அதற்குப் பெயர் மதிக்கால். தொடை நரம்பின் துடிப்பைப் படித்து, நினைத்த மாத்திரத்தில் அடி எடுத்து வைக்கும். கயிற்று ஆலையில் நார் பிரிக்கும் இயந்திரம் அவள் சொந்தக் காலைக் கொண்டுபோன பிறகு, அரசு மாதம் ஒன்பதாயிரம் உதவித்தொகை தந்தது. காலின் விலை நாலு லட்சம். நடைவளம் நிதியகம் என்ற கம்பெனி அதைத் தவணைக்குக் கொடுத்தது, உள்ளே ஒரு செலவுக்காவலையும் வைத்து. தவணை தவறினால் ஆள் வந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் அந்தக் காலம். இப்போது பொருளே கம்பெனியின் ஆள். தவணைக்கு வாங்கிய குளிர்பெட்டி, பாக்கி இருக்கும்போது ஐஸ்கிரீம் வைத்தால் திறக்காது. தவணைக்கு வாங்கிய ஸ்கூட்டர் சினிமாக் கொட்டகை வாசலில் அணைந்துபோகும். பூமியில் இவ்வளவு ஒழுக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒன்றாம் தேதி உதவித்தொகை விழுந்ததும் அந்தக் காலே பங்கு பிரிக்கும். முதலில் தவணைக்கு நாலாயிரம். பிறகு அரிசி, பருப்பு, மாத்திரை, மின்கட்டணம். கடைசியாக, 'இதர' என்று நாய்க்கு எலும்பு போடுகிற மாதிரி கொஞ்சம். அந்த இதரவில்தான் டீ, பஜ்ஜி, வெற்றிலை, உள்ளூர்த் திருவிழா எல்லாம் அடக்கம். ஒருமுறை காலைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு நொண்டிப் போய் இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு வந்தாள். மாட்டிய உடனே, "தங்கள் விரலில் எண்ணெய் இருக்கிறதே," என்று கேட்டது கால். கட்டிய புருஷன்கூட அவளை அப்படிக் கேட்டதில்லை.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு உள்ளுக்குள் அறுத்தது வேறு. எங்கே போவது, எங்கே நிற்பது என்று அவளே முடிவு செய்து வாழ்ந்தவள். கால் போனபோது அழுததைவிட, கால் வந்த பிறகு அதனிடம் அனுமதி கேட்டு நின்றபோது அதிகம் அழுதாள். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: உரிமையாளர் கடனற்றவர் ஆன அன்று செலவுக்காவல் அழிக்கப்படும். அந்த நாளைத்தான் அவள் சாமி மாதிரி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வேகத்தில் தவணை கட்டினால் அதற்கு இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அப்போதுதான் ஆடி பிறந்தது.

அந்த வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துக் காலம். பந்தல் போட்டுக் கறிச்சோறு ஆக்குவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, முன்பு இந்த வீட்டில் வாங்கிய பணத்தைத் திருப்பிவைத்து, அதற்கு மேல் கொஞ்சம் புதிதாகவும் வைத்துவிட்டுப் போவார்கள். மேலே வைப்பதற்குப் புதுநடை என்று பெயர். எதிர்வீட்டுக் கோசலை விருந்து வைத்தாள். இரண்டாயிரம் ரூபாயைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்ட தையல்நாயகியைக் கால் வாசற்படியில் நிறுத்தியது.

"இந்தத் தொகைக்கு ஈடாக என்ன பெறுவீர்கள்?"

"கறிச்சோறு."

"இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வேளை உணவு. அனுமதி இல்லை."

தையல்நாயகி படியில் உட்கார்ந்தாள். கோபத்தில் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்வதுபோல் சொன்னாள். நாங்கள் இந்த வீடு கட்டிக் குடிவந்தபோது கோசலை ஆயிரத்தைந்நூறு வைத்தாள். இப்போது நான் அதைத் திருப்பி, மேலே ஐந்நூறு வைக்கவேண்டும். நாளைக்கு என் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அந்த ஐந்நூறோடு அவள் மேலும் வைப்பாள். வைக்காமல் விட்டால் மூஞ்சியில் முழிக்க முடியாது.

கால் அந்தத் தொகைகளை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தது.

"அப்படியானால் இது செலவு அன்று," என்றது. "வட்டியில்லாக் கடன். தங்களுக்கும் இவ்வாறு வரவேண்டியது உண்டா?"

இல்லாமலா! அவள் புருஷன் துரைக்கண்ணு டிராக்டர் ஓட்டியவர். கையில் காசு இருந்தால் அது விருந்து வாசலில்தான் இருக்கும். இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் மொய் வைத்தார். தன் வீட்டில் விருந்து போட்டது புதுமனை புகுந்த அன்று ஒரே தடவை. பிள்ளை இல்லாத வீட்டில் வேறு என்ன விசேஷம்? அவர் மாரடைப்பில் போன பிறகு அந்தக் கணக்கை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. மொய் எழுதும் கணினிக் கடையில் எல்லாப் பதிவும் இருக்கும் என்றாள். கால் கம்பியில்லாமலே அந்தக் கடையோடு பேசியது.

"அம்மையீர், தாங்கள் ஏழை அல்லர்," என்றது. "கேட்டு வாங்காதவர்."

கோசலை வீட்டு மொய்க்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு காலைக் கையால் பிடிக்க முடியவில்லை. விசேஷம் எதுவும் வேண்டியதில்லை, ஆடியில் சும்மாவே விருந்து வைக்கலாம் என்பதையும் அதுவே கண்டுபிடித்தது. விருந்துச் செலவுக்குக் கம்பெனியோடு வாதாடி முன்பணம் வாங்கியது. பஜ்ஜிக்கு நின்ற கால், ஆட்டுச் சந்தைக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. "இந்த எடையில் குடலும் சேர்த்தியா?" என்று அது கேட்டபோது வியாபாரி சுற்றுமுற்றும் ஆள் தேடினார். பேரத்தில் ஆட்டுக்கு முந்நூறு ரூபாய் குறைந்தது. முழங்காலிலிருந்து வரும் குரலை எதிர்த்துப் பேச அந்த மனிதருக்குப் பழக்கம் இல்லை.

விருந்தன்று யார் வரப்போகிறார்கள் என்று தையல்நாயகி பந்தல் வாசலில் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சனம் வந்தது. டிராக்டரில் வந்தது, வேனில் வந்தது. எங்க அப்பா இறந்த அன்னைக்கு உங்க வீட்டுக்காரர்தான் மழையில பெட்ரோமாக்ஸ் புடிச்சாரு என்றார் ஒருவர். ராத்திரி உழுதுட்டுக் கூலி கேக்காமப் போன மனுஷன் என்றார் இன்னொருவர். துரைக்கண்ணு அன்று ஐந்நூறு வைத்த வீட்டிலிருந்து இன்று மூவாயிரம் வந்தது. கோசலை பழைய ஐந்நூறைத் திருப்பி, மேலே மூவாயிரம் வைத்தாள். அவள் எப்படிப் புரட்டினாள் என்று சாமிக்குத்தான் தெரியும். தையல்நாயகி யாருக்கும் தெரியாமல் சமையல்கட்டுப் பக்கம் போய் அழுதாள். இரண்டாம் தடவை கறி கேட்டவர்களைப் பார்த்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்த கால், அவளைச் சுவரோரமாக நகர்த்திச் சாய்த்து நிறுத்தியது.

விருந்துச் செலவும் காலின் கடனும் ஒரே நாளில் தீர்ந்தன. மேலே ஒரு லட்சம் மிஞ்சியது. கம்பெனி வாழ்த்து அனுப்பியது. உதவித்தொகை தரும் நலவாரிய அலுவலகத்தில் 'கடனற்றவர்' என்று ஒரு சான்று மட்டும் வாங்கிவந்தால் காவலை அழித்துவிடுவதாகச் சொன்னது.

அலுவலர் குலோத்துங்கன் பேருக்கு ஏற்ற மாதிரியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மேசையில் இருந்த, ஊரார் வரவுசெலவை வேவு பார்க்கும் ஆய்வுப்பெட்டி விருந்தைப் பற்றி அவருக்கு முன்பே சொல்லியிருந்தது.

"ஏம்மா, அஞ்சு லட்சம் கிட்ட வந்திருக்கு. இது வரவுன்னா உதவித்தொகை நின்னுடும். சட்டம் அப்படி. கடன்னா நீ கடனாளி, காலோட காவல எடுக்க முடியாது. எதுன்னு நீயே சொல்லு."

தையல்நாயகி அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். உதவித்தொகை நின்றால் கைமீதி ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் அரிசிக்குத் தாளம்தான். கடன் என்றால் ஆயுசுக்கும் இந்தக் காலோடு மல்லுக்கட்டவேண்டும். எந்தப் பக்கம் போனாலும் முட்டு. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"சார், போன ஆடியில நீங்களும் விருந்து வச்சிய. எங்க ஊரே வந்துச்சு. அதுல விழுந்தது வரவா, கடனா?"

குலோத்துங்கனுக்கு வியர்த்தது. அரசு அலுவலர் அன்று விழுந்த பன்னிரண்டு லட்சத்தை வரவு என்று வாயால் சொன்னால் மேலிடத்துக்கு விளக்கம் எழுதியே ரிட்டயர் ஆகவேண்டும்.

"கடன்தாம்மா. மொய்னா கடன்தான். சந்தேகமென்ன," என்று சொல்லிக்கொண்டே அவசரமாக முத்திரை குத்தினார்.

அவள் உதவித்தொகை பிழைத்தது, காலின் காவலும்தான். ஆனால் ஆய்வுப்பெட்டி அந்த வாக்கியத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள செலவுக்காவல்களுக்கெல்லாம் அனுப்பியது. அன்று சாயங்காலம் குலோத்துங்கனின் தவணை ஸ்கூட்டர், பன்னிரண்டு லட்சக் கடனாளியை ஏற்றிக்கொண்டு காபிக் கடைக்குப் போக மறுத்தது. அவர் அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனதை ஊரே பார்த்தது. அடுத்த வாரம் தவணை வண்டி வைத்திருந்த ஊர் முழுக்கத் தள்ளிக்கொண்டுதான் போனது. கால் இருக்கிறவர்களுக்கெல்லாம் தன் நிலைமை வந்ததில் தையல்நாயகிக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்று சொன்னால் அது பொய் இல்லை.

இதற்கு வழியையும் கால்தான் சொன்னது. வாங்கியதை வாங்கியபடியே வைக்கவேண்டும், மேலே ஒரு ரூபாய்கூட வைக்கக்கூடாது. அப்போது அந்த வீட்டோடு கணக்கு பூச்சியம். ஆடிக்கு ஆடி போய் எல்லா வீட்டையும் பூச்சியமாக்கினால் மூன்று நான்கு வருஷத்தில் அவள் கடனற்றவள். "அன்று நான் வாய் பேசாத கால் ஆகிவிடுவேன்," என்றது. தையல்நாயகிக்கு அது தேனாக இனித்தது. ஒரு வருஷம் இதரவிலும் மிச்சம் பிடித்தாள்.

குலோத்துங்கனுக்குப் பொறுமை இல்லை. சேமநிதியை எடுத்தார், நகையை விற்றார், அந்த ஒரே வருஷத்தில் விருந்து, கல்யாணம், காதுகுத்து என்று ஒன்று விடாமல் போய் வாங்கியதை வாங்கியபடியே வைத்தார். மொய் எழுதுகிறவர் தொகையை ஒலிபெருக்கியில் படித்துவிட்டு, புதுநடை இல்லை என்று சொல்லும்போது பந்தலில் உள்ள தலையெல்லாம் அவர் பக்கம் திரும்பும். அந்த வட்டாரத்தில் கூட வைக்காமல் திருப்பினால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். பகையாளிதான் அப்படிச் செய்வான். அவர் அதை அறியாதவர் இல்லை. ஸ்கூட்டர் ஓடினால் போதும் என்று இருந்தார். ஸ்கூட்டரும் ஓடியது. நினைத்த இடத்துக்குப் போனார், நினைத்த கடையில் காபி குடித்தார். அடுத்த ஆடியில் அவர் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வரவில்லை. அவர் பெண்ணுக்கு நிச்சயம் நடந்த அன்று போட்ட பந்தியில் பாதி இலை அப்படியே கிடந்தது.

அந்த ஆவணியில் கோசலை மகளுக்குக் கல்யாணம். திருப்பவேண்டியது மூவாயிரம். காலையிலிருந்தே காலுக்குப் பெருமை தாங்கவில்லை. இது முதல் பூச்சியம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது.

மொய் மேசை வரிசையில் நின்றபோது தையல்நாயகியின் மனம் ஒரு நிலையில் இல்லை. ஆலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் காலோடு வந்த நாளில் குடம் குடமாய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவள் கோசலை. அதை எந்தக் காவலும் எழுதி வைக்கவில்லை. எல்லா வீட்டையும் பூச்சியமாக்கிவிட்டால் இந்தக் கால் யாரையும் கேட்காமல் எங்கே வேண்டுமானாலும் நடக்கும். ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருக்காது. விடுதலை என்று இத்தனை நாள் கும்பிட்டது இதைத்தானா?

மேசை வந்தது. அவள் மூவாயிரத்தை எண்ணி வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஒரு வருஷமாக இதரவில் மிச்சம் பிடித்த ஐந்நூறையும் அதன்மேல் வைத்தாள்.

"அம்மையீர், ஐந்நூறு கூடிவிட்டது," என்றது கால், குரலைத் தாழ்த்தி. "இனி அவர்கள் இதற்கு மேல் வைப்பார்கள். தாங்கள் அதற்கு மேல் வைக்கவேண்டும். இந்த வீட்டோடு கணக்கு முடியவே முடியாது."

"முடியக் கூடாதுன்னுதான வைக்கிறேன்."

"என் காவலும் முடியாது."

"கெடக்கட்டும் போ. நீ இன்னொரு சொந்தம்னு நெனச்சுக்கிறேன்."

சொந்தம் எந்தக் கணக்கில் வரும் என்று கால் கம்பெனிக்குக் கேட்டு அனுப்பியது. அதற்குள் கோசலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, "அத்தாச்சி, எவ்வளவு நேரமாத் தேடுறது," என்று அவள் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் வரிசையில் ஓர் இலைக்கு முன்னால், காலை மடக்காமல் உட்கார வசதியாக, ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.