திரை விலகியது

மழை. சங்கரன்கோவில் பஸ் நிலையம். பூமாரியின் குடையைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நடந்தான் ஒரு கண்டக்டர்.

“கண்ணு தெரியலையா ஒமக்கு?”

நின்றான். சேற்றில் கிடந்த குடையை எடுத்தான். ஒரு கம்பி வளைந்திருந்தது.

“வலது கண்ணு தெரியலதான் டீச்சர். ஓரமா ஒரு கறுப்புத் துணி தொங்குது.”

“டீச்சர்னு யாரு சொன்னா?”

“இந்த அதட்டு வேற யாருக்கு வரும்?”

அவன் கண்களைப் பார்த்தாள். இமையில் மழை நின்றது… இரண்டும் அழகாகத்தான் இருந்தன.

பெயர் வெள்ளத்துரை. புளியங்குடி வண்டி. பத்து நாளைக்கு முன்பு பஸ் கூரையிலிருந்து இறக்கிய எலுமிச்சை மூட்டை முகத்தில் விழுந்ததாம். அன்றிலிருந்து கண்ணுக்குள் மின்னல். இப்போது துணி.

“இன்னைக்கு ஹைஸ்கூல்ல கண் முகாம். நான்தான் சீட்டு எழுதுதேன். வந்து காட்டுங்க.”

“நீங்க எழுதுனா வாரேன்.”

வந்தான். முகாமில் முந்நூறு பேர். பெரும்பாலும் வயதானவர்கள், கண்புரையால் கண்ணில் திரை விழுந்தவர்கள். அறுத்து எடுக்க நாள் குறித்தார்கள். வெள்ளத்துரையின் கண்ணுக்குள் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், “விழித்திரை விலகியிருக்கு. மதுரைக்கு அனுப்புங்க” என்று பூமாரியிடம் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

காலையிலிருந்து ‘திரை’ என்றே எழுதிப் பழகிய கை. ‘வலது கண் திரை விலகியுள்ளது. மதுரை’ என்று எழுதியது.

“ஒங்களுக்கு அறுக்கவே வேண்டாம். திரை தானா விலகிட்டாம்!”

“அப்பம் மதுரைக்கு எதுக்கு?”

“சும்மா ஒரு தடவை காட்டத்தான் இருக்கும்… லீவு கெடைக்கப்ப போங்க.”

அவனைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

அதன்பின் ஐந்து வாரம், பள்ளிக்கூடம் போக அவன் வண்டிதான்.

“என்ன, கண்ணடிக்கீங்க?”

“அய்யோ, இல்ல டீச்சர். இடது கண்ணை மூடிக்கிட்டு, ஒங்க முகம் எவ்வளவு தெரியுதுன்னு பாக்கேன்.”

“எவ்வளவு?”

“போன வாரம் முழுசா. நேத்து பாதி. இன்னைக்கு ஒரு கம்மல் மட்டும்.”

கேலி என்றே நினைத்து அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஆறாவது வாரம் வண்டியில் வேறு கண்டக்டர், நல்லகண்ணு.

“வெள்ளத்துரையா? வலது கண்ணு மொத்தமா இருட்டிட்டு. மதுரை ஆஸ்பத்திரியில கெடக்கான். கண்ணுக்குப் பின்னால இருக்குத படலம் பிரிஞ்சு வந்துட்டாம். அதுக்குப் பேரு விழித்திரையாம். அப்பவே போயிருந்தா ஒட்டவச்சிருக்கலாமாம். ஒங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னான்.”

விழித்திரை. டாக்டர் சொன்ன சொல்லின் முன்பாதி அவளுக்கு அப்போதுதான் கேட்டது.

மதுரையில் அவன் மல்லாந்து கிடந்தான். வலது கண்ணில் தையல். இடது கண்ணிலும் ஒரு சிறு கிழிசல் இருந்ததாம். குளிரால் உறையவைத்து அடைத்திருந்தார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. தலை அசையாதிருக்க இருபுறமும் மணல் மூட்டை.

“நான்தான் பூமாரி. டாக்டர் விழித்திரைன்னாரு. நான் திரைன்னு எழுதிட்டேன். என்னாலதான்…”

“தெரியும். இத்தனை நாள் ஏன் வரலைன்னு இங்க கேட்டாவ. நானாத்தான் அசட்டையா இருந்துட்டேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

அவன் மெதுவாகச் சொன்னான்.

“அந்தக் கண்ணு இனி வராதாம். வேலையும் நிக்காது. ஊருக்குப் போங்க டீச்சர்.”

அவள் அழுதாள்.

“அழாதீங்க. எனக்கும் வந்துரும். நான் அழக்கூடாதாம்… தையல் இருக்கு.”

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெகுநேரம்.

“என்னையக் கட்டிக்கிடுதீயளா?”

“பாவம் தீரக் கேக்கீயளா?”

“பாவத்துக்குன்னா கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துக்கிட்டுப் போயிருப்பேன். தெனமும் ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு ஒங்க பஸ்ஸுக்கு நின்னேனே… அது எதுக்கு?”

கட்டுக்குள் அவன் முகம் தெரியவில்லை. உதடு மட்டும் நடுங்கியது.

தலையை அசைக்கக் கூடாது.

“ம்” என்றான்.