கூடை இல்லாமல் வந்தவன்

சோழவரம் ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பில் சுகிர்தா ஒதுங்கியபோது மழை வலுத்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து திரும்பும் நேரம். அப்போதுதான் அவன் ஓடிவந்தான்... நெற்றியில் ஒட்டிய ஈர முடி, சிரிப்பை மறைக்கத் தெரியாத கண்கள். ஒரு நொடி அவளுக்கு மூச்சே நின்றுபோனது.

மறுநொடி அவன் கையிலிருந்த கூடையைப் பார்த்தாள். நான்கு வாத்துக் குஞ்சுகள். சட்டென்று மழையில் இறங்கி, எதிர்ப்புறப் புங்கமரத்தடிக்குப் போய்விட்டாள்.

அவன் முகம் சுருங்கியது.

“இன்னாம்மா... வாத்து மேய்க்கிறவன் பக்கத்துல நின்னா ஒட்டிக்குமா?”

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. வழியெல்லாம் அந்தக் கண்கள்தான்... தப்பாக நினைத்துவிட்டானே என்று அழுகை முட்டியது.

மறுநாள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரியான ரோஷக்காரன். மரத்தடியில் நின்றபடியே சொன்னாள்.

“நான் பறவைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிற லேப்ல இருக்கேங்க. தெனமும் அந்தக் கிருமியோடதான் வேலை. அதைத் தொட்டா ஏழு நாளைக்குக் கோழி, வாத்து கிட்டயே போகக் கூடாதுன்னு ரூல். குளிச்சிட்டுத்தான் வெளிய வர்றோம், இருந்தாலும்... உங்க குஞ்சுங்களுக்கு எதுனா ஆயிட்டா?”

அவன் கூடையிலிருந்த குஞ்சுகளைப் பார்த்தான்.

“போன வருசம் அந்தக் காய்ச்சல்ல எழுநூறு வாத்து. என் கையாலயே குழி வெட்டிப் பொதைச்சேன்.” பிறகு மெல்ல, “என் பேரு லோகு” என்றான்.

அதன்பின் தினமும் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேச்சு.

“லாரி போனதுல பாதி காதுல வுழல.”

“அந்தப் பாதியை மறுபடி சொல்ல மாட்டேன்...”

ஆனால் அவள் வேலையை விடமாட்டாள். அவனுக்கோ வாத்துதான் பிழைப்பு. இந்தச் சாலையை யார் கடப்பது?

திடீரென்று ஒரு வாரம் அவனைக் காணவில்லை. எட்டாம் நாள் மழையில் அவள் மரத்தடியில் நிற்க, எதிரே ஸ்டாப் கூரைக்குள் வந்து நின்றான். கையில் கூடை இல்லை.

“வாத்தெல்லாம் தம்பி ஊட்டுக்கு அனுப்பிட்டேன். இனிமே அவன் பாத்துப்பான். நான் தேர்வாய் கண்டிகையில ஒரு கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டேன். வாத்தைத் தொட்டு ஏழு நாளாச்சு.”

“எனக்காகவா...?”

“செத்ததுங்களைப் பாக்க ஊரே வந்துச்சு சுகிர்தா. என் வாத்து சாகக் கூடாதுன்னு மழையில நனைஞ்சது நீ மட்டுந்தான். உன்னை எனக்குப் புடிச்சிருக்கு. அந்த வேலையை வுட்டுடாத... மருந்து வந்தா மொத ஊசி நம்ம வாத்துக்குப் போடணும்.”

அவள் கண்கள் நிறைந்தன.

“ஏன் இன்னும் நனைஞ்சிக்கினு கீற? இங்க வா.”

சுகிர்தா சாலையைக் கடந்தாள். கூரைக்குள் வந்து, அவன் தோளோடு தோள் உரச நின்றாள்.

“எனக்கும்... முதல் நாளே புடிச்சிருந்ததுங்க” என்றாள்.