மலை மறைந்த பிறகு

விடிவதற்கு முன்பே குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற மகராசி அது. வந்தால் மற்ற வேலையெல்லாம் நிற்க வேண்டியதுதான். கீதா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹோஸ் குழாயைக் குடம் குடமாக மாற்றினாள். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ராத்திரி ரயிலில் சென்னையிலிருந்து மனைவி லோகப்பிரியாவோடு வந்திறங்கிய மகன் கிருபாசங்கர் இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. அதற்குள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சண்டைக்குத் தயாராக இறங்கி வந்தான்.

இந்த வடவள்ளி வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் சென்னைக்குத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. கடற்காற்று, கூடவே பேத்தி, இன்னும் என்ன வேண்டும் என்பான். கணவர் அருள்குமாருக்கும் ஆசைதான். கீதா மட்டும், மாடியில் நின்று மேற்கு மலையைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்க முடியாது என்று இரண்டு வருடமாக ஒரே பாட்டைப் பாடினாள்.

இப்போது அந்தப் பாட்டும் எடுபடாது. பக்கத்து மனையில் எழும்பிய ஆறு மாடிக் கட்டடம் மலையை மொத்தமாக மறைத்துவிட்டது.

"மலையே போயிருச்சுங்கம்மா. மரத்தையும் வெட்டிப்போட்டாங்க, ரோடெல்லாம் புழுதி. இனி இந்த ஊர்ல என்ன இருக்குது? பேத்தியவிட உங்களுக்குப் பாறை பெருசாப் போச்சு... எங்களப் புடிக்கலீன்னா சொல்லிருங்க."

கீதாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. "எனக்கு வர இஷ்டமில்ல கண்ணு" என்றாள். குடம் நிரம்பி வழிந்தது.

நிரம்பிய குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்த லோகப்பிரியா நின்றாள்.

"அத்தைக்கு மலை மேல ஆசையே இல்லீங்க. போன தடவை சென்னைக்கு வந்தப்ப கடல்ல முழங்கால் தண்ணில நின்னுட்டு, இங்கயே இருந்தர்லாம் போல இருக்குதுன்னு பாப்பாகிட்டச் சொன்னாங்க. அந்த வாரந்தான் மாமாவுக்கு மூச்சு வாங்குச்சு. டாக்டர் அத்தைய மட்டும் உள்ள கூப்புட்டாரு. அடுத்த நாள் காத்தாலதான் மலைப் பேச்சே ஆரம்பிச்சுது."

கீதா தலைகுனிந்து நின்றாள். அருள்குமார் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மணலோடும் தூசியோடும் காலம் கழித்தவர். அதே பவுண்டரியில் இருந்த அவருடைய அண்ணன், நோயின் பெயரைக் கேட்ட அன்றே படுக்கையில் விழுந்து, பிறகு எழவேயில்லை. இவரும் அப்படி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான், டாக்டர் சொன்னதை மறைத்து அவள் பிடிவாதக்காரி என்ற பட்டத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பேத்தியை மடியில் போட்டுக் கொஞ்ச முடியாமல் அவள் மனசு எத்தனை நாள் வெந்தது என்பது யாருக்கும் தெரியாது.

உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அருள்குமார் மெல்ல வந்து படியில் உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கு வந்ததுதானா, அம்மணி?"

"அதேதானுங்க. கடலோரத்துப் புழுக்கம் ஆகாதுன்னுட்டாரு. இங்க இருந்தா நல்லாருப்பீங்கன்னு..." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் பயந்ததுபோல அவர் படுக்கப் போகவில்லை. எழுந்து, அவள் கையிலிருந்த குழாயை வாங்கி அடுத்த குடத்தில் விட்டார்.

"கடல் புடிச்சிருக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ. போய் ஒரு மாசம் பாத்துட்டு வா. தண்ணி நான் புடிச்சு வெக்கறேன்."

கிருபா அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வீட்டை விற்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. அம்மா திரும்பும் வரை லேப்டாப்போடு இங்கேயே இருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

சாயங்காலம் மருமகளோடு ரயிலேறிய கீதாவின் கையில், பேத்திக்கென்று ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் இருந்தது. சென்னையில் தண்ணீரே கிடைக்காதா என்று அருள்குமார் கேலி செய்தார். வண்டி நகர்ந்தபோது அவள் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவர் விரலைத் தொட்டாள்.

"தண்ணி வர்ற அன்னிக்குத் தூங்கிப்போடாதீங்க... வாரேனுங்க."