வாசல் வெளிச்சம்

தி. நகரில் துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில், ஜாக்கெட் துணி மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே நிறத்தில் ஜாக்கெட் துணி எடுத்துத் தருவார்கள். மதுமதியின் அம்மா தங்கபுஷ்பம் அங்கேதான் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மதுமதி, பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் காலி அட்டைப்பெட்டிதான் அவளுடைய மேசை. தூக்கம் வந்தால் அதுவே தலையணை. ஆனால் தீபாவளிச் சமயத்தில் அந்தக் கடையில் யாரால் தூங்க முடியும்?

"அக்கா, இதுக்கு மாம்பழக் கலர்!"

"அக்கா, மயில் கழுத்துக் கலர் இருக்கா?"

இப்படியே நாள் முழுக்கக் கத்துவார்கள். அன்று மாலை வந்த ஓர் அம்மா மட்டும் கத்தவில்லை. அதுதான் மதுமதிக்குப் பயமாக இருந்தது. நஸ்ருன்னிசா என்ற அந்த அம்மா, பையிலிருந்து ஒரு புடவையையும் ஜாக்கெட் துணியையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னாமா இது? அரக்குப் புடவைக்கு செங்கல் கலர்ல குடுத்துக்கிறே. அடுத்த வாரம் தங்கச்சி பொண்ணுக்கு நிக்காஹ். தேனாம்பேட்டையிலேர்ந்து ரெண்டாவது தபா வரேன். கால் வலி உயிர் போகுது."

"நீங்களும் வாசல்ல வச்சுப் பார்த்தீங்களேக்கா?" என்றாள் மதுமதியின் அம்மா.

"பார்த்தேன். ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஊட்டுக்குப் போனா வேறயா கீது. நான் இன்னா பண்றது?"

நிறம் பார்க்க ட்யூப்லைட் வெளிச்சத்தை யாரும் நம்ப மாட்டார்கள். துணியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வாசலில் சரியாக இருந்தால் சரி. அப்புறம் பேச்சே கிடையாது.

முதலாளி சண்முகவேல் எழுந்து வந்தார். அந்த வாரம் மட்டும் இப்படித் திரும்பி வந்த துணிகள் ஒரு பை நிறைய இருந்தன. வெட்டிய துணியை வேறு யார் வாங்குவார்கள்?

"தங்கபுஷ்பம், நாளையிலேர்ந்து நீ இங்க நிக்க வேண்டாம். மாடில மூட்டை பிரிக்கிற வேலையப் பாரு. மொதல்ல போயி கண்ணக் காட்டிட்டு வா. வயசாகுதுல்லா?"

அவர் திட்டவில்லை. சலித்துப்போய்ச் சொன்னார். அவரும் சரியாகத் தூங்கி நாளாகிறது.

அம்மா ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு துணியைப் பார்த்தாள். பிறகு அடுத்த கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"மது, எனக்கு நெஜமாவே கண்ணு போயிருச்சாடி?"

கிளிப்பச்சை வேறு, இலைப்பச்சை வேறு, பாசிப்பச்சை வேறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவள் அம்மா. அந்தக் கண்ணா போய்விட்டது? இருக்கவே இருக்காது.

திரும்பி வந்த துணிகளை மதுமதி தன் அட்டைப்பெட்டியின் மேல் கொட்டினாள். அரக்கு, செங்கல், குங்குமம், மாதுளை, ஆரஞ்சு. எல்லாம் சிவப்புக் கூட்டம்.

"அம்மா, நீலத்தை யாராவது திருப்பிக் கொண்டாந்தாங்களா?"

"இல்லையே."

"கண்ணு கெட்டுப்போயிருந்தா நீலமும்தானே தப்பாகணும்? சிவப்பு மேல மட்டும் உன் கண்ணுக்கு என்ன கோபம்?"

மதுமதி துணிகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அங்கே போனால் எல்லாத் துணிகளும் கறுத்து, மங்கி, ஒன்று போலவே இருந்தன. எது செங்கல், எது அரக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. 'ஐயோ, எனக்கும் கண்ணு போச்சா?' என்று பயந்துவிட்டாள். தன் கையைப் பார்த்தாள். கைகூட நீலமாகத் தெரிந்தது. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள்.

மேலே நீலத் தார்ப்பாய். வெயிலுக்கும் மழைக்கும் சந்தின் குறுக்கே கட்டியது. அது ஒழுகியதால், சண்முகவேல் போன வாரம் அதன்மேலேயே இன்னொரு நீலத் தார்ப்பாயைக் கட்டச் சொல்லியிருந்தார். தினமும் அதன் கீழேயே நிற்கிறவர்களுக்கு அந்த மங்கல் பழகிப்போயிருந்தது.

ஓரமாக ஓர் இடத்தில் மேல் தார்ப்பாய் எட்டவில்லை. அங்கே கீழ்த் தார்ப்பாய் மட்டும்தான் இருந்தது. மதுமதி அங்கே போய் நின்றாள். துணிகளில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. இன்னும் நாலு எட்டு வைத்து, திறந்த வானத்தின் கீழே போனாள். அரக்கு அரக்காக இருந்தது. செங்கல் செங்கலாக இருந்தது.

அவள் திரும்பி ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வெளிய வாங்களேன்!"

"கால் வலிக்குதுடி கண்ணு."

"என் தோளைப் புடிச்சுக்குங்க. புடவையை நான் எடுத்துக்கறேன். அம்மா, நீயும் வா. முதலாளி மாமா, நீங்களும்!"

சண்முகவேல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தார்ப்பாயைத் தாண்டியதும் துணிகளைப் பார்த்தார். அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தார். மறுபடி துணிகளைப் பார்த்தார்.

"மேல இருக்கிற தார்ப்பாய் வெளிச்சத்துல கொஞ்சம் முழுங்குது மாமா. மிச்சத்துல கீழ இருக்கிறது இன்னும் கொஞ்சம் முழுங்குது. நீலம் தப்பிச்சு வந்துருது. பாவம், சிவப்பு நம்மகிட்ட வர்றதுக்குள்ள ஓஞ்சு போயிருது."

"ஒண்ணு இருக்கும்போது இந்தத் தொல்லை இல்லையே?"

"அப்பவும் முழுங்கியிருக்கும். கொஞ்சமா முழுங்கினதால நமக்குத் தெரியலை."

"நல்ல கெட்டித் தார்ப்பாயா பார்த்து நாந்தாம்லா வாங்கிட்டு வந்தேன்!" என்று சண்முகவேல் தலையைச் சொறிந்தார். "சரி, அதக் கழட்டிட்டா மழைக்கு என்ன செய்ய?"

"கழட்ட வேணாம் மாமா. நம்ம வாசலுக்கு மேல மட்டும் சுருட்டிக் கட்டிக்கலாம். மழை வந்தா இறக்கி விட்டுக்கலாம்."

அவர் உள்ளே போய், உயரத்தில் இருக்கும் துணிகளை எடுக்கிற கொக்கிக் கம்பைக் கொண்டு வந்தார். ஸ்டூல் மேல் ஏறி, மூச்சு வாங்க வாங்க இரண்டு தார்ப்பாய்களையும் சுருட்டிக் கட்டினார். அவற்றில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் கொஞ்சம் அவர் தலையிலேயே கொட்டியது. அந்தக் கால் வலியிலும் நஸ்ருன்னிசா சிரித்துவிட்டார்.

வாசலில் வெயில் விழுந்தது. அம்மா உள்ளே போய் அடுக்கிலிருந்து ஒரே ஒரு துணியை உருவிக்கொண்டு வந்து, புடவைமேல் வைத்தாள். எங்கே புடவை முடிகிறது, எங்கே துணி தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாஷா அல்லாஹ்! இத்தத்தானேமா நான் கேட்டேன்!" என்றார் நஸ்ருன்னிசா.

சண்முகவேல் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"தங்கபுஷ்பம், மனசுல வச்சுக்காத. மூட்டைய நான் பிரிச்சுக்கிடுதேன். நீ இங்கனயே நில்லு."

அம்மா தலையாட்டினாள். பிறகு வாசல் வெயிலில் நின்றபடி, அந்தச் சந்தே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்:

"மது! என் கண்ணு நல்லாத்தான்டி இருக்கு!"

கடைக்குள் அவளுக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது. நாள் முழுக்க நின்ற கால்வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.