எக்ஸ்ரே அறையில் அண்ணன்

“விலங்கியல்தான். முடிவு பண்ணிட்டேன்!” என்றான் அண்ணன்.

“எதுவரைக்கும்? ராத்திரிச் சாப்பாடு வரைக்குமா?” என்று கேட்டார் அப்பா.

வாலு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து வயதுத் தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர்.

அண்ணன் இப்போதுதான் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறான்; அங்கே சேர்ந்த பிறகுதான் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இனி எந்தத் துறையில் படிக்கப்போகிறான் என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், இடம் காலியாக இருக்கும் ஏதாவது துறையில் போட்டுவிடுவார்கள். அவனோ முந்தாநாள் வரலாறு என்றான், நேற்று வணிகவியல் என்றான்.

“அண்ணா, நீ மிருகங்களோட ஒருநாளாவது இருந்திருக்கியா?”

“நாய் வீடியோ நிறைய பார்ப்பேனே.”

“சரியாப் போச்சு! கிளம்பு.”

தெருமுனையில் விலங்கு மருத்துவமனை இருந்தது. வாலு நேராக மருத்துவரிடம் போனாள்.

“டாக்டர், எங்க அண்ணனை இன்னிக்கு மட்டும் வேலைக்கு வெச்சுக்குங்க. சம்பளம் வேணாம். கொஞ்சம் திட்டலாம்.”

மருத்துவர் சிரித்தபடி அண்ணனிடம் கையுறையை நீட்டினார்.

கிளி அவன் காதைக் கடித்தது. பூனை சட்டையைக் கிழித்தது. நாய்க்கு ஊசி போட்டபோது நாய் சும்மா நின்றது. அண்ணன்தான் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான்.

“பக்கத்து ரூம்ல ஏசி ஓடுது, கொஞ்சம் உட்காருப்பா” என்றார் மருத்துவர்.

அது எக்ஸ்ரே அறை. திரையில் ஒரு முயலின் கால் எலும்பு பளிச்சென்று தெரிந்தது.

“எலும்பு மட்டும் எப்படிக்கா தெரியுது?” என்று எக்ஸ்ரே எடுக்கும் அக்காவிடம் கேட்டான் அண்ணன்.

அக்கா விளக்கினார். அண்ணன் அடுத்த கேள்வி கேட்டான். பிறகு இன்னொன்று. சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அவன் நகரவே இல்லை.

கடைசியில் அக்கா கையை விரித்தார். “இதுக்கு மேல எனக்குத் தெரியாதுப்பா. உங்க காலேஜ்ல இயற்பியல் வாத்தியாரைப் பிடி.”

வெளியே வந்ததும் அண்ணனின் முகம் தொங்கிப்போனது. “விலங்கியலும் போச்சு. நாளைக்கு என்னடி சொல்வேன்?”

“போனாப் போகுது. சேர்ந்தப்புறம் தெரிஞ்சிருந்தா, வருஷக்கணக்கா கிளிகிட்ட கடி வாங்கியிருப்பே. சரி, நாய்கிட்ட எவ்வளவு நேரம் நின்னே?”

“ரெண்டு நிமிஷம்.”

“அந்த மெஷின்கிட்ட?”

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். “வாலு! எனக்குப் பசிக்கவே இல்லையே!”

“எனக்குப் பசிச்சுது!”

மறுநாள் மாலை அண்ணன் வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு வந்தான். “இயற்பியல்னு சொல்லிட்டேன்! வாத்தியார்கிட்ட கேள்வியும் கேட்டேன்!”

“என்ன சொன்னாரு?” என்றாள் வாலு.

“‘வகுப்பே இன்னும் ஆரம்பிக்கல, கொஞ்சம் மூச்சு விடுப்பா’ன்னாரு.”

அப்பாவும் வாலுவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனோ அதற்குள் அடுத்த கேள்வியை யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.