கட்டில் கார்

கேசினியின் அப்பா இரகுநாதன் பண்டாரவளையில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞான ஆசிரியர். எதையும் எறிய மனம் வராதவர். உடைந்த குடை, ஓடாத மணிக்கூடு, ஒற்றைச் சப்பாத்து என்று எல்லாமே அவர் வீட்டுப் பின்னறையில் இருந்தன.

"பிறகு தேவைப்படும்" என்பார்.

"அந்தப் பிறகு எப்ப வரும்?" என்று அம்மா சரோஜாதேவி கேட்பார்.

2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் அது வந்தேவிட்டது. அப்பா ஒரு பழைய ஹைப்ரிட் கார் வாங்கினார். பெற்றோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும் கார் அது. ஆனால் அதன் பெரிய பற்றரி செத்துப்போயிருந்தது. யாருக்கும் வேண்டாமல் ஒரு கராஜின் மூலையில் கிடந்ததை மிக மலிவாக வாங்கி வந்துவிட்டார்.

விடுமுறை முழுக்க அப்பாவைக் காரின் அடியில்தான் பார்க்கலாம். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். அம்மா தேநீரை அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

பின்பக்கத்தில் புதிய பற்றரிகளை அடுக்கினார். வீட்டுச் சுவரில் செருகி மின்னேற்ற ஒரு வயர் வைத்தார். காரின் கூரையில் இரண்டு சூரியத் தகடுகளும் வைக்க வேண்டும்.

"இனி இது சுவரிலயும் சாப்பிடும், வெயிலிலயும் சாப்பிடும்" என்றார் அப்பா பெருமையாக.

தகடுகளைக் கூரையில் பொருத்த ஓர் இரும்புச் சட்டகம் தேவைப்பட்டது. அப்பா பின்னறைக்குள் போனார். கேசினி சின்ன வயதில் படுத்த கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோஸ் நிறப் பூச்சு இன்னும் போகவில்லை. தலைமாட்டில் இரண்டு இரும்புப் பூக்கள் வேறு.

"அப்பா, அந்தப் பூவையாவது வெட்டி எடுங்கோவன்" என்று கேசினி கெஞ்சினாள்.

"ஏன் பிள்ளை? வடிவாத்தானே இருக்கு!"

கட்டிலின் கால்களை மட்டும் வெட்டிவிட்டு, பூக்களோடு அதைக் கூரையில் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தைக் காட்ட ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அப்பா பொருத்திய சின்ன மீட்டரின் முள் எழுந்து நின்றது. பற்றரி நிறைய நிறைய, காரின் திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கூடின.

அப்பா குழந்தைபோலக் கை தட்டினார். "பள்ளிக்கூடம் போய்வர இந்த வெயிலே காணும்! இந்தக் கிழமை சுவரில செருகவே மாட்டன். சனிக்கிழமை பதுளையில விஞ்ஞானக் கண்காட்சி இருக்கு. அங்க கொண்டுபோவம்."

கேசினிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை வரைக்கும்.

கார் பள்ளிக்கூடத்துக் கீழ் மைதானத்தில் வந்து நின்றதும் நிருபன் ஓடி வந்தான். கேசினியின் வகுப்புதான். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவன். வாய் சும்மா இருக்காது.

அப்பா படியேறிப் போகும்வரை காத்திருந்துவிட்டு அவன் கேட்டான். "ஏய் கேசினி! உங்க காரு கட்டிலத் தூக்கிக்கிட்டு எங்க போவுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நம்ம சயன்ஸ் சேருக்குத் தூக்கம் வந்தா மேல ஏறிப் படுத்துக்குவாரு போல. பூவெல்லாம் இருக்கு பாருங்கடா!"

கேசினியும் சிரிப்பதுபோல வாயை இழுத்தாள். காது இரண்டும் சுட்டன. இடைவேளைக்குள் 'கட்டில் கார்' என்ற பெயர் பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிட்டது. முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ராத்திரிக்கு நீங்க அதுலயா படுப்பீங்க? குளிராதா?"

அந்தச் சிறுமி கேலி செய்யவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டாள். அதுதான் கேசினிக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு முந்திய வளைவில் கேசினி சொன்னாள். "அப்பா, நான் இதில இறங்கி நடக்கிறன்."

"ஏன் பிள்ளை?"

"நடந்தா உடம்புக்கு நல்லது எண்டு சுகாதாரப் புத்தகத்தில இருக்கு."

அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு காரை நிறுத்தினார்.

அவள் நடந்து வந்தபோது அப்பா மேல் கட்டடத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து பார்த்தால் கீழ் மைதானம் தெரியாது. பின்னேரம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு நான்கு மணிக்குத்தான் இறங்கி வருவார். கார் தனியாக நின்றது. ரோஸ் நிறப் பூக்கள் இரண்டும் பளபளவென்று மின்னின.

மைதானத்தின் ஓரத்தில் பள்ளிக்கூடக் காவலாளி அழகையா, விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடும் தடித்த நீலப் படங்குத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கேசினிக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை.

"அழகையா மாமா, காரை இந்தப் படங்கால மூடச் சொல்லி அப்பா சொன்னாங்க. தூசி படுதாம்."

வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சும் பள்ளிக்கூடத்தில் மலைநாட்டுப் பேச்சும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொய்யும் அன்றைக்குத் தடுக்காமல் வந்தது.

"அதுக்கென்ன பாப்பா, மூடிருவோம்" என்றார் அழகையா.

"நாலு மணிக்கு அப்பா வர முந்தியே கழட்டிருங்க. அவங்களுக்கு வேலை வைக்கக்கூடாதுல்ல?"

"சரி பாப்பா. சேருக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

அழகையா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். படங்கை இழுத்து மூடி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, காற்றுக்குப் பறக்காமல் கல்லும் வைத்தார். கட்டிலும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. இடைவேளையில் நிருபன் வந்து பார்த்துவிட்டு, "காரு போர்த்திக்கிட்டுத் தூங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

கேசினி நிம்மதியாகச் சாப்பிட்டாள். சூரியத் தகடு எதற்காக இருக்கிறது என்பது அப்போது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

அது நினைவுக்கு வந்தது அன்று பின்னேரம். வழக்கம்போல மலை முழுவதும் பனிமூட்டம் இறங்கியிருந்தது. அப்பா காரில் ஏறித் திரையைப் பார்த்தார். காலையில் இருந்ததைவிட ஒரு கோடுகூடக் கூடவில்லை.

"மத்தியானம் வரைக்கும் நல்ல வெயில்தானே எறிச்சது?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

கேசினி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா வயர்களை எல்லாம் கழற்றிப் பார்த்தார். புதன்கிழமையும் அதே கதை. படங்கு ஏறியது, இறங்கியது, கோடு கூடவில்லை. அப்பா சாப்பாட்டு மேசையிலும் காகிதத்தில் வயர்ப் படம் கீறிக்கொண்டிருந்தார். கறியைத் தொட்ட விரலால் படத்தைத் தொட்டதில், படம் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

சொல்லிவிடலாம் என்று கேசினி பலமுறை வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் சோற்றைத்தான் போட முடிந்தது.

வியாழக்கிழமை காரில் பச்சைக் கோடே இல்லை. வீடு வரைக்கும் பெற்றோலில்தான் வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரின் கூரைப் பக்கம் போனார். பெருவிரலில் துணிக் கட்டு. வயர் கீறிய காயம்.

கேசினி தேநீர் கொண்டுபோனாள்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"கழட்டப்போறன் பிள்ளை. கார் வராது எண்டு நாளைக்குப் பதுளைக்குச் சொல்லிப்போடுறன்."

"ஏன்?"

"எங்கயோ நான் பிழை விட்டிட்டன். எங்க எண்டு தெரியேல்லை. வெயில் பிழை விடாது தானே?"

கேசினி இதைத்தான் ஆசைப்பட்டாள். அந்தக் கட்டில் கூரையிலிருந்து இறங்கவேண்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றுகூடக் கேட்டிருந்தாள். இப்போது அது இறங்கப்போகிறது. ஆனால் அவள் தேநீரைக் கொடுக்க மறந்து அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "உனக்கும் வெட்கமாத்தான் இருந்திருக்கும். நீ வளைவில இறங்கினது எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சியோ? ஓடாத காருக்காக உன்ர கட்டிலையும் வெட்டிப்போட்டன்."

அவ்வளவுதான். கேசினி தேநீரைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"நான்தான் அப்பா மூடினனான்! அழகையா மாமாவிட்டப் பொய் சொல்லி, படங்கு போட்டு, ஒவ்வொரு நாளும் மூட வச்சனான். எல்லாரும் கட்டில் கார் எண்டு சிரிச்சவை. எனக்கு வெட்கமா இருந்தது. வெயிலே படேல்லை அப்பா. நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை."

அப்பாவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

"அப்ப... வயர் சரி?"

கேசினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

"வயர் சரி!" அப்பா காரைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடினார். "சரோ! வயர் சரியாம்!"

குசினிக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "அதுக்கு ஏன் பிள்ளை அழுகுது?"

அப்பா நின்றார். கேசினியைப் பார்த்தார். முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல மெல்ல வடிந்தது. வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"வெட்கமா இருந்தா என்னட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. அந்த மனுசனிட்ட ஏன் பொய் சொன்னனீ? எனக்கு உதவி எண்டுதானே அவர் செய்திருப்பார்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் ஏசவில்லை. கேசினி அன்றைக்கு அனுபவித்த வெட்கத்துக்கு முன்னால் கட்டில் காரின் வெட்கம் ஒன்றுமே இல்லை.

கடைசியில் அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நாளைக்கு ஒருநாள் பாப்பமா? கழட்டாதீங்கோ."

வெள்ளிக்கிழமை அவள் வளைவில் இறங்கவில்லை. மைதானம் வரைக்கும் போனாள். அப்பா படியேறிப் போனதும், அழகையா படங்கையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாமா, இனிமே மூட வேணாம். அப்பா சொல்லவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். மேல இருக்கிறது வெயில் பட்டாத்தான் வேலை செய்யும்."

அழகையாவின் கையிலிருந்த படங்கு கீழே விழுந்தது.

"ஐயய்யோ! அப்ப சேரோட காருக்குச் சாப்பாடு போடாம வச்சிருந்தது நானா? கொஞ்சம்கூட வெளிச்சம் பூராம கல்லு வேற வச்சேனே! இனிமே சேர் மூஞ்சியில எப்பிடி முழிப்பேன் பாப்பா?"

தப்பு செய்தவள் அவள். வெட்கப்பட்டு நிற்பவர் அவர்.

"நீங்க ஒண்ணும் செய்யல மாமா. அப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். உங்க மேல அவங்களுக்குக் கோவமே இல்ல. என்னைய மன்னிச்சிருங்க."

அழகையா சட்டைக் கையை இழுத்து, தகட்டின் மேலிருந்த பனியைத் துடைத்தார். கேசினியும் எட்டி எட்டித் துடைத்தாள்.

"அடுத்த தடவ வேலை சொன்னா, நெசமான வேலையாச் சொல்லு பாப்பா" என்றார்.

இடைவேளைக்கு வெயில் வந்துவிட்டது. நிருபனும் வந்துவிட்டான், பின்னால் ஒரு கூட்டத்தோடு.

"கட்டில் காரு முழிச்சிருச்சா?"

கேசினியின் காதுகள் பழையபடி சுட்டன. ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"முழிச்சிருச்சு. இப்ப சாப்பிடுது. வந்து பாரு."

கண்ணாடி வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மீட்டரின் முள் எழுந்து நின்றது. நிருபன் நம்பவில்லை. தன் புத்தகப் பையைத் தூக்கித் தகட்டின் மேல் வைத்தான். முள் தொப்பென்று விழுந்தது.

"எடுடா! பைய எடுடா!" என்று கூட்டமே கத்தியது.

எடுத்தான். முள் எழுந்தது. நிருபனின் வாய் அடைத்துப்போனது. பண்டாரவளையில் அதுவே பெரிய அதிசயம்.

ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. முள் சரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து மேகத்தைத் திட்டினார்கள். மேகம் நகர்ந்ததும் "ஓ!" என்று கூவினார்கள். அந்த முதலாம் வகுப்புச் சிறுமிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினாள்.

நிருபன் மெதுவாகக் கேட்டான். "எங்க லயத்து வீட்டுல கரண்டு போனா, இத வச்சு டிவி ஓட்டலாமா?"

"தெரியல. அப்பாகிட்ட கேப்போம்."

நான்கு மணிக்கு அப்பா இறங்கி வந்தார். திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக நின்றன. அவர் முதலில் போய் அழகையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் காரில் ஏறினார். அன்றைக்கு வீடு வரைக்கும் ஒரு சொட்டுப் பெற்றோலும் போகவில்லை.

சனிக்கிழமை, பதுளைக் கண்காட்சியில் காருக்கு முன்னால் வைக்க அப்பா ஓர் அட்டை எழுதியிருந்தார். 'சூரிய சக்தியாலும் வீட்டு மின்சாரத்தாலும் மின்னேற்றப்படும் ஹைப்ரிட் ஊர்தி.' அதைப் படித்து முடிப்பதற்குள் ஆட்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

கேசினி அட்டையை வாங்கித் திருப்பினாள். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'கட்டில் கார்' என்று எழுதி வைத்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். "நிச்சயமா?"

"நிச்சயமா."

கூட்டம் கூடிவிட்டது. பதுளைப் பிள்ளை ஒருத்தி ரோஸ் நிறப் பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இத யாரு செஞ்சது?"

கேசினியின் காது இன்னும் கொஞ்சம் சுடத்தான் செய்தது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பா" என்றாள். "கட்டில் மட்டும் என்னோடது."