பெட்டி சைக்கிளில் எத்தனை பேர்?

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

கெசியாவுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. சர்ச்சில் விளைச்சலைக் காணிக்கையாக வைத்து நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் போன பிறகு கடைசியாக அந்தச் சைக்கிள் வந்திருந்தது. முன்னால் அகலமான பெட்டி, அதற்கும் முன்னால் ஒரு குட்டிச் சக்கரம், பேட்டரி வேறு. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு டாக்டர் குடும்பம் பாளையங்கோட்டைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது.

இட்லி மாவு அரைத்து விற்கும் கெசியா, இப்படி ஒன்றைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் மாவுத் தூக்குகளை வைத்தால் அப்பாவுக்கு இடமில்லை. அப்பாவை ஏற்றினால் மாவுக்கு இடமில்லை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமை வாத்தியாரான அப்பா வேதநாயகம் சாரால் காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் முடியாது. மூன்று சக்கர வண்டியோ அவர்கள் சந்துக்குள் நுழையாது. இது நுழையும்... பெட்டியும் தாழ்வாக இருக்கிறது... அப்பா ஒரு படி ஏறுவது போல ஏறி உட்கார்ந்துவிடலாம்.

"மூணு தரம்! கெசியாவுக்கு!"

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் வேதநாயகம் சார் கம்பை ஊன்றி எழுந்து நின்றார். ஏலத்தில் எடுத்ததற்குக் காசையும் கட்டி, பொருளையும் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, இன்னொரு முறை ஏலம் விடச் சொல்வது அந்தச் சபையில் பெரிய கௌரவம். அவர் வருடா வருடம் ஒரு தேங்காயை எடுத்து அப்படித்தான் திருப்பிக் கொடுப்பார். பழக்க தோஷம்... வாய் முந்திக்கொண்டது.

"திரும்பவும் ஏலம் விடுங்க!"

"அப்பா...!"

அவளுடைய அலறல் கைதட்டலில் அமுங்கிப் போனது. அவ்வளவுதான். கோயிலுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியுமா? அவளுடைய சேமிப்பு முழுவதும் காணிக்கையாகப் போயிற்று. இரண்டாவது ஏலத்தில் ஒரு நீலச் சட்டைக்காரன் கை தூக்கினான், பாதி விலையில் சைக்கிள் அவனுக்குப் போய்விட்டது.

அவன் பெயர் எபனேசர். வீடு வீடாகப் போய் கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். கெசியாவுக்கு அன்று அவன் எமன்!

எமன் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினான். மிதித்தான். எங்கோ முன்னால் இருந்த சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவன், இப்படி ஆடி, அப்படி ஆடி, ஏலம் போன பூசணிக்காய்க் குவியலுக்குள் நேராகப் போய் விழுந்தான்.

அழுதுகொண்டிருந்த கெசியாவுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சக்கரத்தப் பாத்து ஓட்டுனா இப்படித்தான். தூரத்தப் பாக்கணும்!" என்று கத்தினாள்.

பூசணிக்காய்களுக்கு நடுவிலிருந்து அவன் நிமிர்ந்தான். அழுது சிவந்த கண்களும், அடக்க முடியாத சிரிப்புமாக நின்றவளைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். தூரத்தைப் பார்க்கச் சொன்னால் இவன் இவளைப் பார்த்தால் எப்படி?

மறுநாள் விடிந்ததும் வாசலில் மணிச் சத்தம். எபனேசர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றான்.

"பாதி உங்க காசுல்லா இதுல. அதான் வந்தேன்."

"அது கோயிலுக்குக் குடுத்தது. எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"எனக்கு வேணுமே... ஓட்டத் தெரியலயே! எங்க அக்கா டார்லின் ஆஸ்பத்திரில நர்ஸ். அவ பிள்ளைய ரெண்டையும் நான்தான் பள்ளிக்கூடத்துல விடணும். இத நம்பி ஏத்த முடியுமா? நீங்க சொல்லித் தாங்க. காலைல உங்க மாவு போகட்டும், பொறவு பிள்ளைய, அதுக்குப் பொறவு என் கிரைண்டர்."

கெசியா யோசித்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அவனையும் கொஞ்சம் பார்த்தாள்.

"தூரத்தப் பாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"போன்ல வீடியோ பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு. ஏறுங்க. வளையும்போது பைய வளையணும். பாரம் முன்னால இருக்குல்லா?"

அப்படித்தான் தொடங்கியது. காலையில் அவன் கொண்டுவந்து விட்ட சைக்கிளில் அவள் மாவுத் தூக்குகளோடு கிளம்பும்போது பெட்டியில் ஒரு ஸ்பேனர் கிடக்கும். அதை எடுத்து வைத்துத் திட்டுவாள். மறுநாளும் ஒரு ஸ்பேனர் கிடக்கும். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறானோ... என்று ஒருநாள் தோன்றியது. அன்று அவள் திட்டவில்லை.

ஒரு காலையில் வண்ணார்பேட்டை பக்கம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. மூடிய கடை ஒன்றின் முன்னால் அவள் ஒதுங்கி நிற்க, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட நேரத்துக்குச் சைக்கிளை வாங்க வந்த எபனேசர் ஓடி வந்தான். வந்தவன் தார்ப்பாயை எடுத்து மாவின் மேல் போர்த்தினான்.

"மாவு நனையக் கூடாதுல்லா..."

"அப்ப நான் நனையலாமோ?"

அவன் திருதிருவென்று விழித்தான். அவன் இமைகளில் மழைத்துளிகள் சேர்ந்து நின்றன. இவ்வளவு நீளமான இமைகள் ஒரு ஆம்பளைக்கு எதற்கு? கெசியா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் சூடாக இருந்தது. இவனை எனக்குப் பிடித்திருக்கிறது... ஐயோ, ரொம்பப் பிடித்திருக்கிறது என்று மனசு வெட்கமில்லாமல் சொன்னது.

ஊருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா வேதநாயகம் சாரிடம் கேட்டுவிட்டாள்: "என்ன சார், ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி... ஒரே வீடு எப்ப?"

அவர் முகம் சுண்டிப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் சொன்னார், "நாளைலேருந்து அந்த வண்டி இங்கன வரக் கூடாது. தலைமை வாத்தியார் பேரு சந்தி சிரிக்குது."

செய்தி எபனேசருக்கும் போனது. அன்று சாயங்காலமே சைக்கிளை வாசலில் நிறுத்தி, சாவியை நீட்டினான்.

"நீங்களே வச்சுக்கிடுங்க. நான் கொடுத்த காசக் கொஞ்சங்கொஞ்சமா தாங்க போதும். நான் மூணு நாள்ல ஜங்ஷன்ல ஆவுடைநாயகம் அண்ணாச்சி கடைல வேற ஒண்ணு பாத்துக்கிடுதேன். வண்டி ஆளுக்கு ஒண்ணா ஆயிட்டா யாரும் ஒண்ணும் பேச மாட்டாவ."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! ஆளுக்கு ஒன்று... பிறகு காலையில் எதற்கு வரப்போகிறான்? எதற்கு ஸ்பேனரை விட்டுப் போகப்போகிறான்? போகாதே என்று சொல்லத் துடித்தாள். அவரே விட்டுட்டுப் போகுதாரு, நான் எதுக்குக் கெஞ்சணும் என்று ரோஷம் வாயை அடைத்தது.

"சரி," என்றாள். சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஆசைப்பட்ட சைக்கிள் முழுசாக அவளுடையது. இரண்டு நாளாக அதைத் துடைக்கக்கூட இல்லை. மாவில் உப்பு போட மறந்தாள். மூன்றாம் நாள் வேதநாயகம் சாருக்கு ஒரு நியாயம் தோன்றியது. அந்தப் பையன் பெருந்தன்மையாக நடந்துகொண்டான், அவன் வாங்கப்போகும் கடைக்கே போய் நேரில் நன்றி சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை.

அப்பாவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கெசியா கிளம்பினாள். பெட்டிக்குள் இருந்த உட்காரும் பலகையில் ஓட்டுகிறவரைப் பார்த்தபடிதான் உட்கார முடியும். கொக்கிரகுளம் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி, ஜங்ஷன் வரும் வரை வேதநாயகம் சார் மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்துக்குக் கீழே தாமிரபரணி செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணின் கண்கள் இப்படி வீங்கியிருப்பது வீட்டில் எப்படித் தெரியாமல் போயிற்று?

ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் சைக்கிள் கடை. வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி, பக்கத்தில் பின்பக்கம் நீண்ட இரண்டு சக்கர வண்டி ஒன்று. எபனேசர் இரண்டுக்கும் நடுவில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கெசியாவைக் கண்டதும் கையைக் கீழே இறக்க மறந்தான்.

"எதை எடுக்கன்னு தெரியல அண்ணாச்சி..."

"வண்டிய ஏன் பாக்குதீரு? மொதல்ல ஆளச் சொல்லும். பாரம் எப்படியும் ஏத்திரலாம், ஆளுக்குத்தான் எடம் பாக்கணும். வீட்ல எத்தன பேரு?"

"அம்மா, அக்கா, அக்கா பிள்ளைய ரெண்டு, நான். அஞ்சு பேரு."

"ஆறு," என்றாள் கெசியா.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறாவது... யாரு?" எபனேசர் கேட்டான்.

"யாரா? கிரைண்டர்க் கல்லுகூடவே இருந்து உங்க மண்டையும் கல்லாயிட்டா? நான்தான்! வண்டியக் குடுத்திட்டுப் போயிட்டா எல்லாம் சரியாயிருமோ? எனக்கு இந்த வண்டி வேண்டாம். காலைல நீங்க வராத வாசல்ல இது நின்னா என்ன, நிக்காட்டா என்ன?"

அவன் கண்களில் நீர் முட்டியது. சிரிப்பும் வந்தது.

"உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் போனேன் கெசியா. போயிட்டு ஒரு வேலையும் ஓடல. ஒரு அம்மா மிக்சி குடுத்தாவ, நான் கிரைண்டர்னு நெனச்சுக் கழட்டிக்கிட்டு இருந்தேன்... எனக்கு உங்களை விட்டா வேற நெனப்பே இல்ல. கட்டிக்கிடுதேன்னு சொல்ல வாயி வரல, உங்கப்பாவ நெனச்சு..."

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. அப்பா! பெட்டிக்குள்ளேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறார்?

வேதநாயகம் சார் இரண்டு கைகளையும் கம்பின் மேல் வைத்து, கடை போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார். கெசியா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அண்ணாச்சி," என்றார். "ஆறு பேரும் வண்டில போயிட்டா நான் மட்டும் தனியா நடந்தா வருவேன்? ஏழுன்னு வச்சுக்கிடும் வே!"